முழக்கமும் சொல்லும்

கண்ணை மூடிக்கொண்டு ஓர் அறைக்குட் புகுவோனும், தான் புகுந்த இடம் பெரிதோ சிறிதோ, கல்லாற் கட்டியதோ ஓலையால் வேய்ந்ததோ என்பதைத் தன் காலடி யோசையினின்றே ஒருவாறு அறிந்துகொள்வான். கோயிற் பிராகாரத்தில் இட்ட குரல் ஒருவகையாகவும், பஞ்சு மூட்டை அடுக்கிய கிடங்கில் இட்ட குரல் பிறிதொரு வகையாகவும் செவிக்குத் திரும்புதலே இதற்குக் காரணமாம். குரல் ஒருவனுடையதே யாயினும், அதற்கு நிறமும் நீட்சியும் தருவது அவன் நின்ற இடமே. இவ்வுண்மையை யாம் நூலிற் படித்து அறிந்ததினும் பிழை செய்து அறிந்ததே மிகுதியாகலின், அப் பிழையையும் அதனைத் திருத்திக்கொண்ட வாற்றையும் எம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைக்க ஈண்டுப் புகுந்தோம்.

முதற்கண் இரண்டு சொற்களைப் பிரித்துணர்தல் வேண்டும். ஒருவன் கைதட்ட, எதிரேயுள்ள சுவரினின்றும் அவ்வோசை தனியே மீண்டு கேட்பின் அஃது எதிரொலி. இங்ஙனம் தனியே கேட்டற்கு முதலோசைக்கும் மீளோசைக்கும் இடையே ஏறத்தாழப் பத்தில் ஒரு வினாடியேனும் கழிதல் வேண்டும். அதற்குச் சுவர் 17 மீட்டர் தொலைவிலேனும் நிற்றல் வேண்டும். அதனினும் அணித்தாகிய சுவர்களும் கூரையும் தரையும் ஓசையை மாறி மாறி எறியுமிடத்து, மீளோசைகள் ஆயிரக்கணக்கிற் கலந்து, ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிய வியலாத ஒரே நீட்சியாய்ப் படிப்படியே தேய்ந்து அடங்கும். இதனைப் பௌதிக நூலார் எதிர்முழக்கம் என்பர். திருவிழாக்களில் மைக்செட் அமைப்போர் இரண்டனையும் சேர்த்து 'எக்கோ' என்ற ஒரே சொல்லால் வழங்குவர். யாமும் முதலில் அங்ஙனமே எண்ணியிருந்தோம்.

எம் கல்லூரிச் சிற்றாலயத்தை அறியாத பழைய மாணவர் இரார். முப்பது மீட்டர் நீளமும் பன்னிரண்டு மீட்டர் அகலமும் பத்து மீட்டர் உயரமும் உடைய அக்கற்கட்டடத்திற் பாடகர் குழு 'ஆமென்' என்று பாடி நிறுத்திய பின்னரும், அவ்வொலி உத்தரங்களிடையே மூன்று வினாடி உலவி அடங்குவது வழக்கம். கூரையைச் செப்பனிடும் பொருட்டு அவ்வாலயம் அடைக்கப்பட்டமையால், கிறிஸ்மஸ் கீத ஆராதனை புதிய கூட்ட மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. இம்மண்டபமோ தாழ்ந்த பொய்க்கூரையும், தரையெங்கும் விரிப்பும், சுவர்தோறும் தடித்த திரைச்சீலையும் உடையது. அதிற் பாடிய முதல் ஒத்திகையில், பாட்டு நின்ற அக்கணமே ஒலியும் நின்றுவிட்டது. பாடகர் ஒருவரையொருவர் நோக்கினர். ஒவ்வொருவருடைய குறையும் மறைப்பின்றி வெளிப்பட்டது. நாணத்தால் அனைவரும் குரலைத் தாழ்த்தினர். தாழ்த்தவே பாட்டு இன்னும் மெலிந்தது.

இவ்வேறுபாட்டைக் கணக்கிட வழி கண்டவர் ஓர் ஆசிரியரே. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் புதிதாய்க் கட்டப்பெற்ற காலை, அதன் விரிவுரை மண்டபத்திற் பேசுவார் சொல் எவர்க்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்தரை வினாடியளவு நின்று அடுத்த சொற்களை விழுங்கிற்று. 1895-ஆம் ஆண்டில் இக்குறையை நீக்குமாறு பணிக்கப்பட்ட வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர், தெருவோசை அடங்கிய நள்ளிரவுகளில், அருகிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து கொணர்ந்து பரப்பியும் அகற்றியும், ஆர்கன் குழலொன்றை ஒலித்து நிறுத்தி முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி இது: மண்டபத்தின் கொள்ளளவைக் கனமீட்டரிற் கண்டு 0.161 ஆற் பெருக்கி, அதனை ஒலியுறிஞ்சும் பரப்பின் சதுரமீட்டரால் வகுக்க, முழக்கம் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய்தற்கு ஆகும் நேரம் வினாடியிற் கிடைக்கும். 1900-இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் நகரத்துச் சிம்பொனி மண்டபம் அவர் ஆராய்ச்சியைத் துணையாகக் கொண்டு எழுந்தது.

இவ்விதிப்படி எம் சிற்றாலயத்தின் 3,600 கனமீட்டருக்கு மூன்று வினாடி யெனின், அதன் உறிஞ்சு பரப்பு ஏறத்தாழ 190 சதுரமீட்டராம். 1,440 கனமீட்டரே கொண்ட புதிய மண்டபத்திலோ, பலூனொன்றை உடைத்து அளந்தபோது முழக்கம் ஒரு வினாடியினும் குறைந்து, பத்தில் எட்டுப் பங்கே நின்றது. அஃதாவது, சிறிய மண்டபத்தின் உறிஞ்சு பரப்போ 290 சதுரமீட்டர். சிறுமை ஒருபுறம், விரிப்பும் திரையும் ஒருபுறமாக, அஃது ஓசையை உண்டு தீர்த்தது.

மண்டபத்தின் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பேற்றிருந்த யாம் நால்வரும் பௌதிக வகுப்பு மாணவர். பழைய மாணவர் ஒருவர் அன்புடன் அளித்த முழக்கக் கருவி யொன்று அலமாரியிற் கிடந்தது. புத்தகம்போல் தட்டையான இரும்புப் பெட்டி. முன்புறம் சில திருகுகள். பின்புறம் ஒலி புகுவாயும் ஒலி விடுவாயும். இத்தகைய கருவிகளின் வரலாறும் சுவையுடையது. முற்காலத்து ஒலிப்பதிவாளர், வெறுஞ்சுவருடைய அறையொன்றில் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து முழக்கத்தை ஈட்டினர். 1957-இல் ஜெர்மனி நாட்டு ஈ.எம்.டி. நிறுவனத்தார், தொங்கவிட்ட மெல்லிய எஃகுத் தகட்டை அதிரச் செய்து முழக்கம் பெறும் கருவியை வெளியிட்டனர். அதன் எடை 270 கிலோகிராம் அளவினது. 1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்து மான்ஃபிரட் ஷ்ரோடர் என்பார் எண் கணக்கினாலேயே முழக்கம் உண்டாக்கும் நெறியை வகுத்தார். 1976-இல் முதல் எண்முறைக் கருவி விற்பனைக்கு வந்தது. அன்று அறை நிறைத்து நின்றது இன்று ஒரு கையிலடங்கும் பெட்டியாயிற்று.

பெட்டி கையிலடங்கிற்றே யன்றி, அதனை யாளும் அறிவு எம் கையில் அடங்கவில்லை. மிக்ஸரின் இறுதி விடுவாயினின்று பெருக்கிக்குச் செல்லும் வயரைக் கழற்றி, நடுவே அப்பெட்டியைச் செருகினோம். 'பெரிய தேவாலயம்' என்று அதிற் குறித்திருந்த அமைப்பையே தெரிந்தெடுத்தோம். ஒத்திகையில் நான்கு அடி பாடக் கேட்டு அனைவரும் மகிழ்ந்தனர். மறுநாள் ஆராதனையிலோ, பாட்டு முடிந்து வேதபாடம் வாசிக்கத் தொடங்கியபோது எம் பிழை வெளிப்பட்டது. மண்டபத்திலுள்ள மைக் அனைத்தும் அவ்வொரு வழியே சென்றமையால், வாசித்தவர் குரலும் அப்பெட்டிக்குட் புகுந்தே வெளிவந்தது. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமீது விழுந்தது. வல்லெழுத்துக்கள் யாவும் மழுங்கின. முழக்கத்தைக் குறைக்கத் திருகைத் தொட்டால் ஒலியே இடையறும் என்றஞ்சி, ஒன்பது பாடங்களும் முடியுமளவும் யாம் கைகட்டி நின்றோம்.

ஆராதனை முடிந்தபின், ஓய்வுபெற்ற ஆசிரியை யம்மையார் ஒருவர் எம்மிடம் வந்தனர். மாணவியாகவும் ஆசிரியையாகவும் அவ்வாராதனைக்கு நாற்பதாண்டுக்கு மேல் வந்தவர். செவிப்புலன் சற்றே தளர்ந்தவர். கண் பார்வையும் குறைந்தமையால் வீட்டில் வேதம் வாசிக்க மாட்டாதவர். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பிமாரே, ஓசையெல்லாம் மிக நன்றாகக் கேட்டது, சொல்தான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லி, எம் தோளைத் தட்டிவிட்டுச் சென்றனர். அன்றிரவு யாம் விடுதியில் உண்ணவில்லை என்பதை மட்டும் கூறி அமைகின்றோம்.

அடுத்த ஆண்டு முழுதும் மிக்ஸரின் அமைப்பை அடிமுதல் கற்றோம். அதனை ஊரின் வாய்க்கால் முறையோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு வாய்க்கால். அதன் மதகே ஃபேடர் என்னும் இழுபிடி. வாய்க்கால்கள் எல்லாம் கூடும் ஏரியே இறுதி விடுவாய். இவ்வாய்க்கால் ஒவ்வொன்றினின்றும் வேண்டுமளவு நீரைப் பக்கத்தே பிரித்தெடுக்கும் சிறு கண்மாய் உண்டு; அதற்கு ஆக்ஸ் என்று பெயர். முழக்கக் கருவிக்கு ஏற்ற இடம் ஏரியின் வாயன்று, இக்கண்மாயே. நேரொலி தன் வழியே தடையின்றி ஏரி சேர, அதன் ஒரு பங்கு மட்டும் கண்மாய் வழிக் கருவிக்குட் சென்று, முழக்கமாய் மாறி, வேறொரு வாய்க்காலால் மீண்டு ஏரியிற் கலத்தல் வேண்டும். எந்த மைக்குக்கு எவ்வளவு முழக்கம் என்பதை அப்போது தனித்தனியே வரையறுக்கலாம். வேண்டாத மைக்குக்குத் திருகைச் சுழியத்தில் வைத்தால் முழக்கம் அறவே இல்லை. பாடகர்க்கென நான்கு மைக் வைத்தாலும் ஒரே கருவி போதும்.

ஆக்ஸிலும் இருவகை உண்டு. ஃபேடருக்கு முன்னே பிரிவது ஒன்று. பின்னே பிரிவது ஒன்று. பாடகர் தம் குரலைத் தாமே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கருக்கு முன்னே பிரிவது ஏற்றது. அரங்கத்தின் ஒலியை ஏற்றித் தாழ்த்தினும் மேடையின் ஒலி மாறாதிருக்கும். முழக்கத்துக்குப் பின்னே பிரிவதே ஏற்றது. என்னையெனின், ஃபேடரைத் தாழ்த்துங்கால் நேரொலியும் முழக்கமும் ஒருங்கே தாழும். இதனை அறியாது முன்னே பிரித்தால், ஃபேடரை முற்றும் மூடிய பின்னும் உடலற்ற முழக்கம் மட்டும் மண்டபத்திற் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆதலின், முதலில் ஃபேடர்களை யெல்லாம் தாழ்த்திவிட்டு, இரண்டாம் ஆக்ஸின் விடுவாயினின்று கருவியின் புகுவாய்க்கு ஒரு வயரும், கருவியின் இடவல விடுவாய்களினின்று மிக்ஸரின் வெற்றிடமாயிருந்த இரு வாய்க்கால்களுக்கு இரு வயரும் இட்டோம். மீளொலிக்கெனத் தனிப் புகுவாய் மிக்ஸரில் இருந்தும், இரு வாய்க்கால்களைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், அவற்றுக்கு ஃபேடரும் தாரமந்தரத் திருகுகளும் அமைந்திருந்தமையே. ஒன்றை முற்றும் இடப்பக்கமும் மற்றொன்றை முற்றும் வலப்பக்கமும் திருப்பினோம். கருவியில் நேரொலியையும் முழக்கத்தையும் கலக்கும் திருகை, முழக்கம் நூற்றுக்கு நூறு என்னும் எல்லையில் நிறுத்தினோம். நேரொலி ஏற்கெனவே தன் வழியே செல்கின்றது. கருவிக்குட் புகுந்து வரும் நேரொலியோ வினாடியில் ஆயிரத்திற் சில பங்கு பிந்தி வரும். இரண்டும் கலப்பின் குரல் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் வெறுமையாகும்.

கருவியின் பின்புறத்துச் சிறு பொத்தானொன்றையும் நெடுநாள் பொருட்படுத்தாதிருந்தோம். அரங்கக் கருவிகளின் வழக்கமான மின்னளவு 1.23 வோல்ட்டு, வீட்டுக் கருவிகளினது 0.316 வோல்ட்டு. இவ்விரண்டனுள் எதற்கு இயைய நிற்பது என்பதை அப்பொத்தான் தீர்மானிக்கும். அது மாறியிருந்தமையால் முந்திய ஆண்டிற் குரல் கரகரத்ததும் இப்போது விளங்கிற்று. பாடகர் தம் முழுக்குரலிற் பாடும்போது கருவியின் பச்சை விளக்குகள் நன்றாக எரியவும், சிவப்பு விளக்கு எரியாதிருக்கவும் வேண்டும். மிகக் குறைவாக அனுப்பினால் முழக்கத்தோடு இரைச்சலும் ஏறி வரும்; மிகுதியாக அனுப்பினால் ஒலி கிழியும்.

இவ்வளவும் செம்மையாய்ச் செய்தபின், முதல் ஒத்திகையிலே மண்டபமே அதிரும்படி ஓர் ஊளை எழுந்தது. பாடகர் செவியைப் பொத்திக்கொண்டனர். வயரைப் பிடுங்கிய பின்னரே அஃது ஓய்ந்தது. ஆராய்ந்ததில், மீளொலி வந்த வாய்க்கால்களிலும் இரண்டாம் ஆக்ஸின் திருகு சிறிது திறந்திருக்கக் கண்டோம். கருவியினின்று வந்த முழக்கம் மீண்டும் கருவிக்கே சென்று, அங்கிருந்து பெருகி வந்து, மறுபடியும் அதற்கே சென்றது. தன்னிடமிருந்து புறப்பட்டதைத் தானே திரும்ப உண்டு பெருகுவது எதுவாயினும் ஊளையிலே முடியும் என்று எம் பேராசிரியர் நகைத்துச் சொன்னது, கருவிக்கு மட்டும் சொன்னதாக எமக்குத் தோன்றவில்லை. அன்றுமுதல் அவ்விரு திருகுகளின்மீதும் காகிதம் ஒட்டி, 'தொடற்க' என்று எழுதிவைத்தோம்.

பின்பு கருவியை மண்டபத்துக்கு இயைவித்தல் வேண்டியதாயிற்று. பழைய ஆலயத்தின் மூன்று வினாடியை அப்படியே வைத்தபோது செவி நம்பவில்லை. கண் சிறிய மண்டபத்தைக் காண, செவி பெரிய கோபுரத்தைக் கேட்டது. பாடகர் குழுவை நடத்தும் ஆசிரியர் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து, ஒரே அடியைப் பன்முறை பாடச் செய்து கேட்டனர். இறுதியில் இரண்டு வினாடி போதுமெனத் துணிந்தோம். நேரொலிக்கும் முழக்கத் தொடக்கத்துக்கும் இடையே ஆயிரத்தில் முப்பது வினாடி இடைவெளி விட்டோம். இஃது ஒலி பத்து மீட்டருக்குச் சிறிது மேற்பட்ட தூரம் செல்லும் காலமாம். இவ்விடைவெளியால் சொல்லின் முதலெழுத்து தெளிவாய்க் கேட்ட பின்னரே முழக்கம் எழுந்தது. 200 அதிர்வெண்ணுக்குக் கீழ்ப்பட்ட மந்தர ஒலியை மீள்வாய்க்காலிற் குறைத்தமையால் உருமல் நீங்கிற்று. 5,000-க்கு மேற்பட்டதைக் குறைத்தமையால் சகர ஒலியின் சீறல் அடங்கிற்று. மேடை ஸ்பீக்கருக்கும் முழக்கத்திற் சிறு பங்கு அனுப்புமாறு அவ்வாசிரியர் வேண்டினர். மைக் அதனைக் கேட்டு ஊளையிடுமோ என்று அஞ்சி மிகச் சிறிதே அனுப்பினோம். அச்சிறு பங்கே பாடகர் முகத்தை மாற்றிற்று. நாணம் நீங்கிக் குரல் திறந்து பாடினர்.

எஞ்சியது வேதபாடம். வாசிப்பவர் மைக்குக்கு இரண்டாம் ஆக்ஸ் சுழியத்தில் நின்றது. ஆயினும் பாடகர் மைக்குகள் திறந்திருப்பின் வாசிப்பவர் குரல் அவற்றினும் சிறிது புகுமாகலின், பாட்டு முடிந்தவுடன் மீள்வாய்க்கால்களை மூடுவதென்று முடிவு செய்தோம். ஒத்திகையில் அவ்வாறே பொத்தானை அழுத்தினோம். 'ஆமென்' கத்தியால் அரிந்தாற்போல் அறுந்தது. குழந்தை உறங்கிய அறைக்கதவைச் சாத்துவதுபோல மெல்ல மெல்ல ஃபேடரைத் தாழ்த்துவதே முறையென்று அதன்பின் அறிந்தோம். எம்முள் ஒருவர் ஆராதனை முறைத்தாளைக் கையிற் பிடித்து ஒவ்வொரு பாட்டின் இறுதியடியையும் பார்த்திருக்க, மற்றொருவர் விரல் ஃபேடரின்மீது இருந்தது. வாசிப்போரிடமும், பாட்டு முடிந்தபின் இரண்டு வினாடி பொறுத்துத் தொடங்குமாறு வேண்டிக்கொண்டோம். ஐயரவர்கள் அதனைக் கேட்டு, "ஆலயத்தில் அங்ஙனமே பொறுத்திருந்தோம்; இங்கு வந்தபின் மறந்துவிட்டோம்" என்றனர்.

ஆராதனை இரவு வந்தது. அவ்வம்மையாரும் வந்திருந்தனர். இம்முறை முன்வரிசையில் அமர்த்த எவரோ முயன்றும், அவர் தம் வழக்கமான இடமாகிய நடுவரிசையிலேயே அமர்ந்தனர். முதற்பாட்டு எழுந்தது, அடங்கிற்று, ஃபேடர் தாழ்ந்தது. முதற்பாடம் வாசிக்கப்பட்டது. யாம் வாசிப்பவரை நோக்கவில்லை. அம்மையாரின் முகத்தையே நோக்கியிருந்தோம். அவருடைய உதடுகள் வாசிப்பவரோடு ஒத்து அசைந்தன. எட்டாம் பாட்டின்போது எம் தோழர் ஒருவர் மறதியால் மீள்வாய்க்காலைத் திறவாதிருக்க, முதலடி முழக்கமின்றிச் சென்றது. அதனை யாம் நால்வரும் பாடகரும் அன்றி வேறெவரும் அறிந்திலர் என்றே நம்புகின்றோம்.

முடிவில் அம்மையார் வாயிலருகே எம்மைக் கண்டனர். "ஒன்பது பாடமும் கேட்டேன், தம்பிமாரே. பாட்டும் நம் பழைய ஆலயத்திற் கேட்டதுபோல் இருந்தது" என்று சொல்லி, சிறிது தயங்கி, "ஆமாம், சென்ற ஆண்டு ஏதோ ஒரு பெட்டி வைத்திருந்தீர்களே. அதை இவ்வாண்டு கொண்டுவரவில்லையா?" என்று வினவினர். கொண்டுவந்தோம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் தாழ்த்தி வணங்கினோம்.

இனி எமக்குப் பின் இம்மண்டபத்தில் ஒலிபெருக்கியை நடத்தப் புகும் இளைய மாணவர்களுக்கு ஒரு சொல். வயர் ஒவ்வொன்றும் எங்குப் புறப்பட்டு எங்குச் சேரவேண்டும் என்பதைப் படமாக வரைந்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியுள்ளோம். அப்படம் கருவியை இணைக்கக் கற்பிக்கும். எப்போது அதனை அடக்குவது என்பதை மட்டும் படம் கற்பியாது. அதற்கு, மண்டபத்தின் நடுவரிசையில் எவர் அமர்ந்திருக்கின்றார் என்று ஒவ்வோர் ஆண்டும் நோக்கிக்கொள்ளுங்கள்.